திருகோணமலையில் வியட்நாம் படகு மக்களுக்கு ஒரு அரைநாள் கண்காட்சி: செய்முறை

2022 நவம்பரில், முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையரோடு நடுக்கடலில் தத்தளித்த ஒரு கலத்தை ஜப்பானியக் கொடியோடு போன கப்பல் கண்டது. ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. 1970களின் கடைசியில் வியட்நாமியர் இரவோடிரவாகப் படகேறிய கரைகளில் அதே வுங் தாவும் ஒன்று.

இந்தத் தகவலை உங்கள் கண்காட்சியின் கடைசிப் பலகைக்கு ஒதுக்கி வையுங்கள். முதற்பலகையில் போட்டால் வருகிற எல்லாரும் தங்கள் வீட்டுக் கதையைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வியட்நாமியர் பின்சுவரில் தொங்கும் படமாகிவிடுவார்கள். கடல் வழியே போன ஒருவரையாவது தெரியாத குடும்பம் திருகோணமலையில் குறைவு. ஆகவே ஒப்பீட்டை நாம் எடுத்து ஊட்டத் தேவையில்லை, அது தானாக வரும். அவர்களுடைய பயணத்தை அளவோடும் பெயரோடும் பிழையில்லாமல் வைப்பதுதான் நம்முடைய வேலை.

கீழே சொல்லியிருப்பது ஒரு பாடசாலை மண்டபத்திலோ வாசிகசாலையிலோ செய்யக்கூடிய அளவு: ஒரு வரைபடம், தரையில் ஒரு படகு, ஏழு பலகை, ஒரு நினைவு மேசை, ஐஸ் கோப்பி. ஆறு பேர் போதும், ஆறு கிழமை வேண்டும். புரொஜெக்டரை விட்டுவிடுங்கள். படம் ஓடினால் சனம் கதிரையில் இருந்துவிடும், பலகைப் பக்கம் வராது.

நாளும் கொடியும்

முதல் சறுக்கல் தேதியில்தான் வரும். 1975 ஏப்ரல் 30இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படைகளிடம் வீழ்ந்தது. வெளிநாட்டிலுள்ள வியட்நாமியரில் பெரும்பாலானோருக்கு அது துக்க நாள். 'கறுப்பு ஏப்ரல்' என்பார்கள். கனடாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதே ஏப்ரல் 30ஐ அகதிகளின் பயணத்தை நினைவுகூரும் நாளாக்கியது. வியட்நாமிலோ அன்று நாடு ஒன்றுபட்ட நாள், அரச விடுமுறை. இந்த இரண்டுக்கும் நடுவில் திருகோணமலைப் பாடசாலை ஒன்று போய் நிற்கத் தேவையில்லை. ஜூன் 20 உலக அகதிகள் தினம். அதற்கு அருகில் வரும் சனிக்கிழமையை எடுங்கள். போயா நாளா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் ஒரு இடைஞ்சல் கச்சான் காற்று. காலை பத்து மணிவரை பேசாமல் கிடக்கும், பிறகு பலகை பலகையாகச் சரிக்கும். மேற்குப் பக்க யன்னலுக்கு எதிரே எதையும் நிறுத்தாதீர்கள். நிகழ்வை 8.30க்குத் தொடங்கி 12.30க்கு முடித்தால் வெக்கையும் மிஞ்சாது.

அடுத்தது கொடி. மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்டது பழைய தென் வியட்நாமின் கொடி. புலம்பெயர்ந்தவர்கள் இன்றும் அதைத்தான் பிடிக்கிறார்கள். சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம் உள்ளது இன்றைய அரசின் கொடி. இணையத்தில் 'வியட்நாம் கொடி' என்று தேடினால் வருவது இரண்டாவது. அதை அச்சடித்து அகதிகளின் படத்துக்கு மேலே கட்டினால், யாரை விட்டு ஓடினார்களோ அவர்களின் கொடியை அவர்கள் தலைக்கு மேலே கட்டியதாகும். முதலாவதைக் கட்டினால் அது வேறொரு அரசியல். அகதி முகாம்கள் இருந்த மலேசியாவின் பிடோங் தீவிலும் இந்தோனேசியாவின் கலாங் தீவிலும் முன்னாள் அகதிகள் 2005இல் வைத்த நினைவுக் கற்களே வியட்நாம் அரசின் ஆட்சேபத்துக்குப் பிறகு அகற்றப்பட்டன. கொடி எவ்வளவு பாரமான துணி என்பது இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் வேண்டாம். அந்த இடத்தில் வரைபடத்தைத் தொங்கவிடுங்கள்.

அனுமதி: பாடசாலையென்றால் அதிபருக்கு ஒரு கடிதம், பெற்றோருக்கு ஒரு துண்டு. வெளியே ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். உள்ளே வாயால் பேசினாலே போதும்.

வரைபடம்

செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகையைப் பாதியாக அறுத்தால் நாலடிச் சதுரம், அதாவது 122 சென்ரிமீற்றர். அளவு: 1 சென்ரிமீற்றருக்கு 25 கிலோமீற்றர். இந்த அளவில் மேலே ஹொங்கொங்கிலிருந்து கீழே கலாங் தீவுவரை 96 செ.மீ.; இடப்பக்கம் பாங்கொக்கிலிருந்து வலப்பக்கம் மணிலாவரை ஏறத்தாழ 90 செ.மீ. ஓரத்தில் எழுத இடமும் மிஞ்சும். 1 செ.மீ.க்கு 20 கி.மீ. என்று எடுத்தால் ஹொங்கொங் பலகையின் விளிம்பில் தொங்கும். பலரும் அறுத்த பிறகுதான் அதைக் காண்பார்கள்.

கடலை நீலமாக அடிக்காமல் வெள்ளையாகவே விடுங்கள், நூல் தெரிய வேண்டும். கரையோரத்தைப் பென்சிலால் கட்டம் போட்டு எடுத்து, பிறகு கறுப்பு மார்க்கரால் இழுங்கள். ஆணி அடித்துச் சிவப்பு நூல் கட்ட வேண்டிய கோடுகள் இவை, எல்லாம் நேர்கோட்டுத் தூரம்:

வுங் தாவ் – பிடோங் தீவு: ஏறத்தாழ 690 கி.மீ., நூல் 28 செ.மீ.
டா நாங் – ஹொங்கொங்: 930 கி.மீ., 37 செ.மீ.
வுங் தாவ் – பலாவான், பிலிப்பைன்ஸ்: 1,275 கி.மீ., 51 செ.மீ.
வுங் தாவ் – டார்வின், அவுஸ்திரேலியா: 3,650 கி.மீ., 146 செ.மீ.

டார்வின் நூல் பலகையை விட்டு வெளியே போகும். போகட்டும். சுவரில் ஒரு ஆணி அடித்து அங்கே கட்டுங்கள். 1976 ஏப்ரல் 26இல் ஐந்து பேரோடு முதல் வியட்நாமியப் படகு டார்வினில் கரைசேர்ந்தது என்பதை, அந்த ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் எழுதிவிடுங்கள். கண்காட்சி முழுவதிலும் சனம் அதிகநேரம் நிற்கும் இடம் அந்த ஆணியாகத்தான் இருக்கும்.

இதே அளவில் இலங்கையை ஒரு அட்டையில் வெட்டி எடுங்கள். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரை 17 செ.மீ. சொச்சம் வரும். ஒட்டாமல் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைகள் அதை எடுத்து 28 செ.மீ. நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். யாராவது தலைமன்னார் – தனுஷ்கோடி எவ்வளவு என்று கேட்பார்கள். 1 செ.மீ.க்குச் சற்று மேல். கேட்டால் சொல்லுங்கள், கேட்காமல் எழுத வேண்டாம். தூரம் குறைந்தால் பயமும் குறைவு என்று அர்த்தமாகிவிடும்.

தரையில் படகு

ஆற்றிலும் கரையோரத்திலும் ஓடவென்று கட்டிய மரப்படகுகளில்தான் பெரும்பாலானோர் கடல் கடந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளமான படகுகள் அவற்றில் சாதாரணம். தரையில் 12 மீற்றர் படகு ஒன்றை வரையுங்கள். சோக்குத்தூள் பூசிய நூலால் நடுக்கோடு 12 மீற்றர் இழுங்கள். அணியத்தில் புள்ளி. அங்கிருந்து 3 மீற்றரில் இரு பக்கமும் 1.3 மீற்றர், 6 மீற்றரில் 1.5, 10 மீற்றரில் 1.4, கடையாரில் 0.9. புள்ளிகளை மாஸ்கிங் ரேப்பால் இணைத்தால் சுற்றளவு 26.5 மீற்றர், 20 மீற்றர்ச் சுருள் இரண்டு வாங்குங்கள். கயிறு அழகாக இருக்கும், ஆனால் கால் தடக்கும். முக்கியமாகச் சேலை கட்டிய ஆசிரியைமாருக்கு.

பரப்பு 28.5 சதுரமீற்றர் வரும். கடையாரை ஒட்டி 2 மீற்றருக்கு 1.5 மீற்றர் ஒரு பெட்டி போட்டு 'எஞ்சின்' என்று எழுதுங்கள். மிஞ்சுவது 25.5. நூறு பேரை ஏற்றினால் ஆளுக்கு அரைமீற்றர்ச் சதுரம்: முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கலாம், படுக்க முடியாது. மண்டபம் சிறிதென்றால் பின்பாதி 6 மீற்றரை மட்டும் வரைந்து ஐம்பது பேரை இருத்துங்கள். நெருக்கம் ஏறத்தாழ அதேதான். எல்லாப் படகும் இப்படியில்லை. 1984இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் புளூ ரிட்ஜ் காம் ரான் குடாவுக்கு வடகிழக்கே காப்பாற்றிய மீன்பிடிப் படகு 35 அடி, ஆட்கள் 35 பேர், கடலில் எட்டு நாள் கிடந்தது. கப்பலிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை, அமெரிக்க அரச படம். படகுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்ட இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

பிள்ளைகளை இருத்துவது பத்து நிமிடம், கூட வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், தள்ளுவார்கள். அதட்டாதீர்கள். நாலாம் நிமிடம் கால் விறைக்கும், பிறகு சத்தம் குறையும். எட்டாம் நிமிடத்தில் ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து எஞ்சின் பெட்டியில் வைத்து, "நூறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். 50 மில்லிலீற்றர்: தேத்தண்ணிக் கிளாசில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சின் நின்ற படகுகளில் பசிக்கு முன்னே ஆளை அடித்தது தாகம்தான்.

செய்யக்கூடாதவை: விளக்கை அணைப்பது, அலைச் சத்தம் போடுவது, வெடிச் சத்தம் போடுவது. 2004 டிசம்பர் 26ஐ உடம்பில் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். கடற்கொள்ளையராக யாரையும் நடிக்கவிடாதீர்கள். தாய்லாந்து வளைகுடாவில் பெண்களுக்கு நடந்தது நடித்துக் காட்டும் விடயமல்ல. பலகையில் ஒரு வரி போதும். எழும்பிப் போக நினைக்கும் பிள்ளை யாரிடமும் கேட்காமல் போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஏழு பலகை

ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மூன்றடி. அரை அங்குல ரெஜிபோம், மேலே பிறிஸ்டல் போட். ஒட்டுவதற்குப் பைண்டர் கம் பாவியுங்கள். செருப்புக்குப் போடும் மஞ்சள் பசை ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும், மறுநாள் காலையில்தான் தெரியும். எழுத்து 30 புள்ளிக்குக் குறையக்கூடாது, தலைப்பு 72. பலகைக்கு எண்பது சொல்லுக்கு மேல் போனால் நின்று வாசிக்க ஆள் இருக்காது. பலகையின் நடு தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வந்தால் 115.

முதற்பலகை, ஏன் போனார்கள். மறுசீரமைப்பு முகாம்கள் என்ற பெயரில் பழைய ஆட்சியின் ஆட்களை அடைத்தது. நகரச் சனத்தைப் 'புதிய பொருளாதார வலயங்கள்' என்ற காடுகளுக்கு அனுப்பியது. 1978 மார்ச்சில் தெற்கில் தனியார் வியாபாரத்தை ஒழித்தது. கடைசியது சீன வம்சாவளியினரைத்தான் அதிகம் தாக்கியது. 1978–79இல் படகேறியவர்களில் பெரும்பகுதி அவர்கள். இந்த வரியை விட்டுவிட்டால் பலகை பிழை. 'வியட்நாமியர்' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்த சிறுபான்மையை மறைத்துவிட்டோமென்றால், நாமே அதைச் செய்தோமென்பது வெட்கக்கேடு.

இரண்டாவது, கடல். 1975க்கும் 1995க்கும் இடையில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் படகில் வேறு நாடுகளின் கரை சேர்ந்தார்கள். கடலில் இறந்தவர்களுக்குப் பதிவு இல்லை. இரண்டு இலட்சத்துக்கும் நான்கு இலட்சத்துக்கும் இடையே என்ற மதிப்பீடுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. மதிப்பீடு என்றே எழுதுங்கள். நடுவில் ஒரு எண்ணை நீங்களாகப் பொறுக்கி எடுக்காதீர்கள்.

மூன்றாவது, முகாம். எல்லா முகாமையும் அடுக்காமல் பிடோங் ஒன்றை எடுங்கள். ஒரு சதுரகிலோமீற்றர்த் தீவு. 1978 ஓகஸ்ட்டில் திறந்தார்கள். 1979 ஜூனில் அங்கே நாற்பதாயிரம் பேர். நடுவில் மலை, ஆகவே தட்டையான கரையோரத்தில்தான் எல்லாக் குடிசையும். உடைந்த படகுப் பலகைகளையும் காட்டு மரத்தையும் வைத்து இரண்டு மூன்று தட்டுக் குடிசை கட்டினார்கள். கோயில், தேவாலயம், பாடசாலை, தையற்கடை, கோப்பிக்கடை எல்லாம் முளைத்தன. எந்த நாடு யாரை எடுத்தது என்ற பெயர்ப்பட்டியல் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். 1991இல் மூடும்வரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அந்தத் தீவால் கடந்து போனார்கள்.

நான்காவது, கதவு திறந்தவர்கள். 1979 ஜூலை, ஜெனீவாவில் அகதிகள் பற்றிய மாநாடு, 65 நாடுகள்: குடியேற்ற இடங்கள் 1,25,000இலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. ஜேர்மனியின் காப் அனாமூர் கப்பல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கடலிலிருந்து எடுத்தது. கனடா 1979–80இல் 60,000 பேரை எடுத்தது; அதில் பாதிக்கு மேல் தனியாட்களும் தேவாலயங்களும் பொறுப்பெடுத்தவை. ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு குடும்பத்தை ஒரு வருடம் தாங்கலாம் என்ற ஏற்பாடு அது. அதற்காக 1986இல், அகதிகளுக்கு உதவியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கும் நான்சன் பதக்கம் ஒரு ஆளுக்கன்றிக் 'கனடா மக்களுக்கு' என்று கொடுக்கப்பட்டது.

ஐந்தாவது, கதவு மூடியது. இதை விட்டுவிடத்தான் மனம் வரும், விடாதீர்கள். 1979இலேயே படகுகளைத் திருப்பிக் கடலுக்கு இழுத்து விட்டார்கள். 1988 ஜூனுக்குப் பிறகு ஹொங்கொங்கிலும், 1989 உடன்பாட்டுக்குப் பிறகு மற்ற முகாம்களிலும், வந்தவர் அகதியா இல்லையா என்று விசாரித்துப் பிரித்தார்கள். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வியட்நாமுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. வருடக்கணக்காய் விசாக்கடிதம் பார்த்திருக்கும் வீடுகள் இந்தப் பலகை முன்னால் அதிகநேரம் நிற்கும்.

ஆறாவது, அவர்கள் கொடுத்தவை

'அகதியாய் வந்து கோடீசுவரரானார்' என்ற வரிசை வேண்டவே வேண்டாம். வென்றவரை மட்டும் மாட்டினால், சும்மா வேலை செய்து பிள்ளை வளர்த்த ஆள் நன்றி சொல்லத் தகாதவராகிவிடுகிறார். தொழிலை முன்வைத்து ஆளைப் பின்வையுங்கள்.

நகப்பூச்சுத் தொழில்: 1975இல் கலிபோர்னியாவின் சக்கரமென்ரோவுக்குப் பக்கத்து முகாமில், நடிகை ரிப்பி ஹெட்ரன் இருபது பெண்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்காவின் நகக்கடைகளில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில்.

மீன்பிடி: ரெக்ஸாஸ் கரையில் இறால் பிடிக்கப் போனவர்களைக் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் படகெரித்து விரட்டப் பார்த்தது. 1981இல் அந்த மீனவர்களின் சங்கம் வழக்குப் போட்டு, மிரட்டலுக்குத் தடையுத்தரவு வாங்கியது. வெளியாள் வந்து நம்முடைய கடலில் வலை போடுகிறான் என்ற வாதம் நமக்கும் பழக்கமானது. இந்தப் பலகையில் மீனவர்கள் கட்டாயம் வாய் திறப்பார்கள், இடம் விடுங்கள்.

சாப்பாடு: டேவிட் ட்ரான் என்ற சீன வம்சாவளி வியட்நாமியர் 1978இல் ஹுவேய் ஃபொங் என்ற சரக்குக் கப்பலில் வெளியேறினார். 1980இல் லொஸ் ஏஞ்சலிஸில் மிளகாய்ச் சோஸ் செய்யத் தொடங்கியபோது கொம்பனிக்குக் கப்பலின் பெயரையே வைத்தார். சேவல் படம் போட்ட போத்தல் அதுதான். வெறும் போத்தல் ஒன்று கிடைத்தால் பலகைக்குக் கீழே வையுங்கள்.

பொதுவாழ்வு: 1977இல் படகில் டார்வின் வந்த ஹியூ வான் லே, 2014 முதல் 2021 வரை தென் அவுஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநர்.

இங்கே அடிக்கடி புகும் பிழைப்பெயர் ஒன்று: ஜேர்மனியின் முன்னாள் துணைச் சான்சலர் பிலிப் ரோஸ்லர். வியட்நாமில் பிறந்தவர்தான், ஆனால் 1973இல் கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டவர், படகில் வரவில்லை. அதேபோல நாபாம் குண்டில் ஆடையின்றி ஓடும் சிறுமியின் படத்தையும் போடாதீர்கள். அது 1972, போர்க்காலம். படகுக்கு அதில் சம்பந்தமில்லை. பாடசாலைச் சுவருக்கும் உரியதல்ல.

ஏழாவது பலகை, நம்முடைய கடல். மேற்பாதியில் இரண்டே தகவல்: 1986 ஓகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர் ஏற்றியது, 2022 நவம்பர் வுங் தாவ். முதலாவதும் நான்சன் பதக்கமும் ஒரே ஆண்டு. பலகை அதைக் கூவ வேண்டியதில்லை. கீழ்ப்பாதி வெறுமை: ஊசியும் துண்டுக் கடதாசியும் வைத்து, 'எந்தக் கரையில் ஏறினீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள்' என்று இரண்டு கேள்வி மட்டும். பெயர், வருடம், ஏஜென்சி, வழி எதுவும் கேட்காதீர்கள். யாரும் அவற்றை எழுதினால் அந்தத் துண்டை ஒட்டாதீர்கள். சிலருடைய வழக்கு இன்னும் எங்கோ ஒரு நாட்டில் கிடப்பில் இருக்கும். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம் என்று பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

சொல்லும் பெயரும்

வியட்நாமிய மொழியில் இவர்களுக்குப் பெயர் 'துவியென் ஞன்': துவியென் என்றால் படகு, ஞன் என்றால் ஆள். தமிழில் 'படகு மக்கள்' சரியாகப் பொருந்தும். 'கள்ளத்தோணி' என்ற சொல் பகிடிக்கும் வரக்கூடாது; அந்த வசவை வாங்கித் தேய்ந்தவர்கள் நம்முடைய மலையகத்திலேயே இருக்கிறார்கள். 'இடம்பெயர்ந்தோர்' என்பதும் வேண்டாம், அது நமக்கு நாட்டுக்குள்ளே நகர்ந்தவரைக் குறிக்கும்.

அவர்களுடைய பெயர்களை எழுதத் தமிழ் வசதியான மொழி. நமக்குச் சும்மா கிடக்கும் ஙவும் ஞவும் அங்கே சொல்லின் தொடக்கத்திலேயே வரும். ஐந்தில் இருவருக்குக் கிட்ட 'ங்குயென்' என்ற குடும்பப் பெயர்தான். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். கூப்பிடுவது கடைசிப் பெயரால். வெளிநாட்டில் வாழ்பவர்கள் பலர் இதைத் தலைகீழாக எழுதுவதால், ஒரு பலகையில் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

நினைவு மேசை

வியட்நாமியக் குடும்பங்கள் இறந்தவர்களுக்கு வருடாவருடம் 'யோ' என்ற சடங்கு செய்கிறார்கள். அது நம்முடைய திவசம் போலச் சந்திர நாட்காட்டியில்தான் கணிக்கப்படும். படம், பழத்தட்டு, பூ, ஊதுபத்தி, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு. கத்தோலிக்கர் பூசை கொடுப்பார்கள். நாம் சடங்கு செய்யத் தேவையில்லை, உரிமையும் இல்லை. வெள்ளைத் துணி, ஒரு தட்டில் பழம், ஒரு செம்பில் தண்ணீர், மூன்று ஊதுபத்தி. ஊதுபத்தியை மண் நிரப்பிய சட்டியில் குத்துங்கள், மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். யாருடைய முகப்படமும் வைக்காதீர்கள். இணையத்தில் எடுத்த முகம் எங்கோ உயிரோடிருக்கும் ஒருவருடையதாக இருக்கலாம்.

ஐஸ் கோப்பி

'கா ஃபே சுவா டா' என்பது ரின்பால் போட்ட ஐஸ் கோப்பி. பிரெஞ்சுக்காரர் கோப்பி கொண்டுவந்த ஊரில் பசும்பால் அரிது, ஆகவே ரின்பால். ஐம்பது சின்னக் கோப்பைக்குக் கணக்கு: கோப்பித்தூள் 500 கிராம், தண்ணீர் 4 லீற்றர், ரின்பால் 1¼ கிலோ, ஐஸ் 8 கிலோ. தூள் வெறும் கோப்பியாக இருக்க வேண்டும். மல்லியும் சுக்கும் சேர்த்த வீட்டுத்தூள் இதற்கு ஆகாது, ஐஸில் மருந்து மணக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தூளைக் கொட்டி மூடி எட்டு நிமிடம் வைத்துத் துணியால் வடியுங்கள். தூள் ஒரு லீற்றரைக் குடித்துவிடும், மூன்று லீற்றர் கிடைக்கும். கோப்பைக்கு 60 மில்லி. சூடாக இருக்கும்போதே ரின்பாலைக் கரைக்க வேண்டும். ஐஸ் போட்ட பிறகு ஊற்றினால் அடியில் கட்டியாகக் கிடக்கும், கடைசிக் கோப்பை வாங்குபவர் பாலையே குடிப்பார். சீனி வருத்தக்காரருக்கு அரை லீற்றர் தனியாக எடுத்து வையுங்கள். கடிக்க ஏதும் கேட்டால் பாண் போதும்: அவர்களுடைய 'பான் மி'யும் ஐரோப்பியர் விட்டுப்போன பாண்தான். கரட்டும் முள்ளங்கியும் வினாகிரியில் ஊறவைத்து, மல்லி இலை, பச்சை மிளகாயோடு உள்ளே வைத்தால் சைவக்காரரும் சாப்பிடுவார்கள்.

வரும் கேள்வி

கட்டாயம் ஒரு ஐயா கேட்பார்: "எங்கட சனமே போட்டில போய்ச் செத்தது. உவைக்கு ஏன் நாங்கள் செய்யிறம்?" வாதாடாதீர்கள். "வாங்கோ ஐயா, இந்தத் துண்டில எழுதுங்கோ" என்று ஏழாவது பலகைக்குக் கூட்டிப்போய்ப் பேனையைக் கொடுங்கள். எழுதாவிட்டால் கதிரை போட்டுக் கோப்பி கொடுங்கள். ஒவ்வொரு முனையிலும் நிற்கும் மாணவருக்கு மூன்று விடயம் பாடமாக இருந்தால் போதும்; அதற்கு மேல் கேட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்றன்" என்று சொல்லப் பழக்குங்கள். கடலில் செத்தவர் தொகையைத்தான் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள். அதை மட்டும் முதல்நாள் ஒத்திகை பாருங்கள்.

கழற்றும்போது

ஏழாவது பலகைத் துண்டுகளை முதலில் எடுத்து ஒரு உறையில் போட்டு மூடுங்கள். குப்பையோடு போனால் பிறகு முகம் கொடுக்க முடியாது. எழுதியவர் திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்துக்குப் பிறகு எரித்துவிடலாம். வரைபடம் நூலகத்துக்கோ பாடசாலைப் புவியியல் அறைக்கோ போகட்டும், டார்வின் நூலைச் சுருட்டி அதன் பின்புறத்தில் ஒட்டிவிடுங்கள். தரை ரேப்பை அன்று பின்னேரமே உரிக்க வேண்டும். ஜூன் வெக்கையில் ஒரு இரவு கிடந்தால் பசை சீமெந்தில் ஊறிவிடும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் படகின் கோடு திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்துக்கும் தெரியும்.